சீனியாரிட்டிங்கிறது எந்தத் தேதியிலிருந்து? பதவி உயர்வின் இருநூறு வருடக் கதை

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இந்த வாரம் பேசப்போறது கொஞ்சம் ஆபீஸ் விஷயம். ஆனா என் ஆபீஸ் இல்லை. நான் வேலை பார்க்கிற ஐடி உலகத்துல ப்ரமோஷன்னா வருஷத்துக்கு ஒரு தடவை மேனேஜர் கூப்பிட்டு மழுப்புவார், நமக்குப் பிடிக்கலைன்னா வேற கம்பெனிக்குப் போயிடலாம். அரசு வேலையில் அப்படிப் போக முடியாது. அங்கே ஒரு பட்டியல் இருக்கும். அதில் உங்கள் பெயர் எத்தனையாவது இடம் என்பதுதான் அடுத்த முப்பது வருடத்தை முடிவு செய்யும்.

இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் எங்கள் சித்தப்பா. 2000-களின் நடுவில் தேர்வாணையத் தேர்வு எழுதி ஒரு துறையில் சேர்ந்தார். அவரோடு அதே பேட்ச்சில் சேர்ந்தவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவார், நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். சித்தப்பா பொதுப்பிரிவில் தேர்வானவர். மாமா பட்டியல் சாதியினருக்கான இடத்தில் வந்தவர். பல வருடம் கழித்து, நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி அந்தத் துறையின் முதுநிலைப் பட்டியலைத் திருப்பி எழுதினார்கள். சித்தப்பா மேலே போனார். மாமா கீழே இறங்கினார்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். சித்தப்பா சொன்னார்: "நான் வாங்கின மார்க்கை எங்கயாவது கணக்குல எடுத்துக்கணும்ல?" மாமா சொன்னார்: "மார்க் ஒரு நாளோட கணக்கு. நான் பதினஞ்சு வருஷம் அந்த வரிசையில நின்னேனே, அது எந்தக் கணக்கு?" அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அம்மா டிபன் எடுத்து வைத்தார்.

எனக்கு அன்றைக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது. அதெப்படி? அதைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

முதலில் கம்பெனி

நம் ஊர் சர்க்கார் வேலையின் வரலாறு, நேரா கிழக்கிந்தியக் கம்பெனியில் போய் நிற்கும். 1793-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கம்பெனிக்கு ஒரு சாசனச் சட்டம் போட்டது. அதில் பதவி உயர்வுக்கு அடிப்படை பணிமூப்பு. எத்தனை வருடம் வேலை பார்த்திருக்கிறீர்கள் என்பதை வைத்து எவ்வளவு சம்பளமுள்ள பதவிக்குப் போகலாம் என்று படிக்கட்டு மாதிரி வரையறை செய்தார்கள். வருடத்துக்கு 500 பவுண்டுக்கு மேல் சம்பளமுள்ள பதவி என்றால் குறைந்தது 3 வருட சேவை வேண்டும்.

இன்றைக்குக் கேட்டால் "அடடா, திறமைக்கு மதிப்பே இல்லையே" என்று தோன்றும். ஆனால் அன்றைக்கு இது ஒரு சீர்திருத்தம். அதற்கு முன்னால் லண்டனில் இருக்கும் பெரிய மனிதர் ஒருவர் தன் மருமகனையோ நண்பரின் பையனையோ அனுப்புவார். அவன் கப்பலிலிருந்து இறங்கின கையோடு பத்து வருடம் உழைத்தவனின் தலைக்கு மேல் போய் உட்காருவான். அதைத் தடுக்கிற பூட்டுதான் பணிமூப்பு. சேர்ந்த தேதியை யாராலும் சிபாரிசு வைத்து மாற்ற முடியாது, இல்லையா?

இந்த ஏணியில் இந்தியர்களுக்கு இடமே கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்லணும். பெரிய பதவிகள் எல்லாம் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட ஐரோப்பிய அலுவலர்களுக்கு மட்டும். அதாவது பெயர் சொல்லாத ஓர் இட ஒதுக்கீடு, ஏறத்தாழ நூறு சதவீதம்.

"தகுதி" என்கிற சொல் 1850-களில் நுழைகிறது. 1853 சாசனச் சட்டம் வேலைக்குச் சேருவதைப் போட்டித் தேர்வுக்குத் திறந்தது. 1855-இல் லண்டனில் முதல் தேர்வு நடந்தது. அதே காலத்தில் இங்கிலாந்தின் சொந்த நிர்வாகத்தைப் பற்றி நார்த்கோட், ட்ரெவெல்யன் என்ற இருவர் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். வேலைக்கு எடுப்பது தேர்வு வைத்து, பதவி உயர்வு வெறும் வருடக் கணக்கில் இல்லாமல் தகுதி பார்த்து என்றது அது. இந்த ட்ரெவெல்யன் கம்பெனி வேலையில் இந்தியாவில் இருந்தவர், மெக்காலேயின் தங்கை வீட்டுக்காரர், பிற்பாடு சென்னை மாகாண ஆளுநராகவும் வந்தார்.

எல்லாருக்கும் ஒரே தேர்வு, ஒரே வினாத்தாள். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் தேர்வு மையம் லண்டன். 1863-இல் சத்யேந்திரநாத் தாகூர் கடல் தாண்டிப் போய்த் தேறினார், இந்தியர்களில் அவர்தான் முதல். இந்திய மண்ணிலேயே அந்தத் தேர்வை எழுத 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தகுதியை அளக்கிற தராசை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதும் ஒரு முடிவுதான். யார் அந்தத் தராசு வரைக்கும் போக முடியும் என்பதை அது தீர்மானிக்கிறது.

பன்னிரண்டு இடங்களின் சக்கரம்

மூன்றாவது சொல் இட ஒதுக்கீடு. அதில் நம்ம சென்னை மாகாணம் முன்னோடி. நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் வகுப்புவாரி அரசாணை வந்தது. முழு வடிவம் 1927-இல். 12 வேலை இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களும் கிறிஸ்தவர்களும் சேர்த்து 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. பன்னிரண்டு முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. 1947-இல் இதை 14 ஆக்கி, பின்தங்கிய இந்துக்களுக்குத் தனியாக 2 இடம் கொடுத்தார்கள்.

இந்தச் சக்கரத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. இன்றைக்கு நாம் இனச்சுழற்சி என்றும் ரோஸ்டர் என்றும் சொல்வது இதன் பேரப்பிள்ளை. கதையின் கடைசியில் திரும்ப வரும்.

1951 ஏப்ரல் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு சென்னை வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது. ஒன்று எல்லாருக்கும் தெரிந்த செண்பகம் துரைராஜன் வழக்கு, கல்லூரி இடம் பற்றியது. இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படாத வெங்கடரமணா வழக்கு, மாவட்ட முன்சீப் வேலை பற்றியது. இரண்டிலும் வகுப்புவாரி முறை அடிபட்டது. கல்விக்காக அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. வேலைக்கு 16(4) ஏற்கெனவே இருந்தது. அரசுப் பணிகளில் போதிய பிரதிநிதித்துவம் இல்லாத பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு அரசு இடம் ஒதுக்கலாம் என்பது அதன் சாரம். கூடவே 335-ஆவது பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கோரிக்கைகளை நிர்வாகத் திறன் குறையாமல் கருத்தில் கொள்ளணும் என்றது.

சரி, "பணிகளில் இடம்" என்றால் என்ன? வாசலில் நுழையும்போது மட்டுமா, மாடிப்படி ஏறும்போதுமா? சட்டத்தில் அது தெளிவாக எழுதப்படவில்லை. அடுத்த எழுபது வருட வழக்குகள் எல்லாம் இந்த ஓர் இடைவெளியிலிருந்து முளைத்தவை.

தெற்கு ரயில்வேயில் ஒரு வழக்கு

முதல் பெரிய வழக்கும் நம்ம ஊரிலிருந்துதான். 1959-இல் ரயில்வே வாரியம் இரண்டு சுற்றறிக்கை விட்டது. தேர்வு செய்து கொடுக்கிற பதவி உயர்வுகளிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்கச் சொன்னது. தெற்கு ரயில்வேயில் கோர்ட் இன்ஸ்பெக்டர் பணியைச் சேர்ந்த ரங்காச்சாரி சென்னை உயர் நீதிமன்றம் போனார், ஜெயித்தார். ரயில்வே உச்ச நீதிமன்றம் போனது.

1961-இல் ஐந்து நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தார்கள். கஜேந்திரகட்கர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் வாதம் எளிமையானது: பிரதிநிதித்துவம் என்பது வெறும் தலைக்கணக்கு இல்லை. கீழ்மட்டத்தில் நூறு பேர் இருந்து, முடிவெடுக்கிற இடத்தில் ஒருவரும் இல்லை என்றால் அதைப் போதிய பிரதிநிதித்துவம் என்று சொல்ல முடியாது. எனவே பதவி உயர்விலும் ஒதுக்கலாம். வாஞ்சூ, ராஜகோபால அய்யங்கார் இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. 16(4) சேரும் இடத்தோடு நின்றுவிடுகிறது என்பது அவர்கள் பக்கம்.

இந்த 3-2 முப்பது வருடம் நின்றது.

தகுதியை யார் எழுதுகிறார்கள்?

இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். "ஒதுக்கீட்டை விடுங்க, பணிமூப்பையும் விடுங்க. திறமையானவரை மேலே தூக்குங்க, முடிஞ்சு போச்சு." என் ஐடி நண்பர்கள் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கேன்.

அரசு விதிகளில் இதற்கு இரண்டு ரகம் இருக்கு. ஒன்று, மூப்பு முதலில், தகுதி பிறகு: குறைந்தபட்சத் தகுதி இருந்தால் போதும், அதற்குள் மூத்தவருக்கே பதவி. இரண்டாவது, தகுதி முதலில், மூப்பு பிறகு: திறமையை ஒப்பிட்டுப் பார்த்து, சமமாக இருந்தால் மட்டும் மூத்தவர். 1998-இல் ராயலசீமா கிராமிய வங்கி சம்பந்தப்பட்ட சிவய்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தை விளக்கியது. முதல் ரகம் என்று விதியில் எழுதி வைத்துவிட்டு, இன்டர்வியூ மார்க்கை வைத்துப் பட்டியல் போட முடியாது என்றது.

சரி, தகுதியை எதில் அளப்பது? பெரும்பாலும் ரகசியக் குறிப்பேட்டில். வருடா வருடம் மேலதிகாரி உங்களைப் பற்றி எழுதுவது. தேவ் தத் என்ற பொறியாளரின் வழக்கு எனக்கு மறக்காது. எல்லைச் சாலைகள் அமைப்பில் செயற்பொறியாளர். அடுத்த பதவிக்குக் கடைசி ஐந்து வருடமும் "மிக நன்று" வேண்டும். ஒரு வருடம் அவருக்கு "நன்று" போட்டிருந்தார்கள். மோசமான குறிப்பு என்றால்தான் ஊழியருக்குத் தெரிவிக்கணும், "நன்று" மோசமில்லையே, அதனால் தெரிவிக்கவில்லை. பதவி உயர்வு போச்சு. பாராட்டு மாதிரி இருக்கிற ஒரு சொல், அவருக்குத் தெரியாமலே அவரைத் தடுத்தது. 2008-இல் உச்ச நீதிமன்றம், நல்லதோ கெட்டதோ எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குச் சொல்லியாகணும் என்றது. ஒரு தரவுத்தளம் இருக்கு, அதில் உங்களைப் பற்றிய பதிவு இருக்கு, அதைப் படிக்க உங்களுக்கே அனுமதி இல்லை என்ற நிலை அதுவரைக்கும் இருந்தது.

அதனால்தான் சங்கங்கள் பணிமூப்பை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. சோம்பேறிகளைக் காப்பாற்ற என்று வெளியே பேசுவார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது மேலதிகாரியின் மனநிலையிலிருந்து காப்பாற்றுகிற ஒரே பூட்டு. 1793-இல் எதற்காகப் போட்டார்களோ அதே காரணம்.

கேரளத்தில் இன்னொரு கதை. கீழ்நிலை எழுத்தர், மேல்நிலை எழுத்தர் ஆக வேண்டுமென்றால் துறைத் தேர்வு பாஸ் பண்ணணும். 1972-இல் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களுக்கு அதற்கு அவகாசம் கொடுத்து ஒரு விதி வந்தது. பதிவுத் துறையில் 51 இடங்களில் 34 இடங்கள், தேர்வு இன்னும் பாஸ் பண்ணாத பட்டியல் வகுப்பினருக்குப் போயின. தேர்வு பாஸ் பண்ணியிருந்த தாமஸ் என்ற எழுத்தர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் ஜெயித்து, 1975-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். பெரும்பான்மை சொன்னது, 16(4) சமத்துவத்துக்கு விதிவிலக்கு இல்லை, சமத்துவத்தையே நடைமுறைப்படுத்துகிற ஒரு வழி. தாமஸின் இடத்தில் நான் இருந்தால் எனக்கு எரிச்சலாக இருந்திருக்கும். அந்த 34 பேரில் ஒருவராக இருந்தால், பல வருடக் கதவு முதல் தடவையாகத் திறந்ததாகத் தெரிந்திருக்கும்.

முந்திப் போனவரும் பின்னால் வந்தவரும்

1992 நவம்பர் 16. மண்டல் வழக்கு என்று நாம் சொல்லும் இந்திரா சாஹ்னி வழக்கு. ஒன்பது நீதிபதிகள். பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீதம் செல்லும் என்றது தலைப்புச் செய்தி. உள்ளே இன்னொரு முடிவு: பதவி உயர்வில் இட ஒதுக்கீடு 16(4)-இல் வராது. ரங்காச்சாரி தீர்ப்பு போனது. ஏற்கெனவே நடைமுறையில் இருப்பது இன்னும் 5 வருடம் தொடரலாம் என்றார்கள்.

அந்த 5 வருடம் முடிவதற்குள் நாடாளுமன்றம் 77-ஆவது திருத்தம் கொண்டுவந்தது. 1995 ஜூன் 17 முதல் 16(4ஏ) அமலுக்கு வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு மட்டும் பதவி உயர்வில் ஒதுக்கலாம். பிற்படுத்தப்பட்டோர் இதில் இல்லை. இது பின்னால் தமிழ்நாட்டுக் கதையில் முக்கியம்.

இப்போது ஒரு சின்ன கணக்கு. பேப்பர் இருந்தால் எழுதிக்கோங்க. ஒரே அலுவலகத்தில் அ, ஆ என்று இரண்டு பேர். முதல் படியில் அ சீனியர். ஆ பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், ஜூனியர். ஒதுக்கீட்டு இடம் வருகிறது, ஆ முதலில் இரண்டாம் படிக்குப் போகிறார். நான்கு வருடம் கழித்து அ-வும் அங்கே வருகிறார். மூன்றாம் படிக்கு ஓர் இடம் காலி. இப்போது யார் சீனியர்?

இரண்டாம் படியில் சேர்ந்த தேதியை வைத்து வரிசைப்படுத்தினால் ஆ. முதல் படியின் வரிசையை வைத்தால் அ. தரவு ஒன்றுதான், வரிசைப்படுத்துகிற நெடுவரிசை மட்டும் மாறுகிறது. மென்பொருள்காரனாக எனக்கு இது உடனே புரிந்தது. ஒரே பட்டியல், எந்தக் கீயை வைத்து சார்ட் பண்றோம் என்பதில் முழு வாழ்க்கையும் மாறுகிறது.

ரயில்வே கார்டுகளுக்குச் சி, பி, ஏ, ஏ சிறப்பு என்று நான்கு படி. ஒவ்வொரு படியிலும் ஒதுக்கீட்டில் முந்தியவர்கள் அடுத்த படியிலும் சீனியர் ஆகிக்கொண்டே போனால், உச்சிப்படிக்கான வரிசையில் பொதுப்பிரிவினர் காணாமல் போய்விடுகிறார்கள் என்பது அவர்கள் புகார். 1995 அக்டோபரில் வீர்பால் சிங் சௌஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம், பின்னால் வந்து சேர்ந்த மூத்தவர் தன் பழைய இடத்தைத் திரும்பப் பிடிக்கலாம் என்ற விதியை ஏற்றது. 1997-இல் வேறொரு அமர்வு மாற்றிச் சொன்னது. 1999-இல் அஜித் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் மறுபடி, பின்னால் வந்த மூத்தவருக்கே மூப்பு என்றார்கள்.

நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. 85-ஆவது திருத்தம், ஒதுக்கீட்டில் முந்திப் போனவருக்கு அந்தப் பதவி உயர்வோடு சேர்ந்து வரும் மூப்பும் உண்டு என்றது. அதுவும் பின்தேதியிட்டு, 1995 ஜூன் 17-லிருந்து. அதாவது இடையில் திருத்தி எழுதிய பட்டியல்களை மறுபடியும் திருத்தணும். ஒரே ஊழியர் பத்து வருடத்துக்குள் சீனியர், ஜூனியர், மறுபடி சீனியர். எந்த மனுஷனும் இதில் பழிவாங்கப்பட்டதாக உணராமல் இருக்க முடியுமா?

தரவு கொண்டுவா

இந்தத் திருத்தங்களை எதிர்த்து நாகராஜ் வழக்கு. 2006 அக்டோபரில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் திருத்தங்கள் செல்லும் என்றார்கள். ஆனால் நிபந்தனை போட்டார்கள். அரசு பதவி உயர்வில் ஒதுக்க விரும்பினால் பின்தங்கிய நிலை, போதாத பிரதிநிதித்துவம் ஆகிய இரண்டுக்கும் அளவிடக்கூடிய தரவு காட்டணும், நிர்வாகத் திறன் கெடாது என்றும் காட்டணும். ஒதுக்கியே ஆகணும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை என்றும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. 2012-இல் உத்தரப் பிரதேச மின்வாரிய வழக்கில் அந்த மாநில விதிகள் ரத்து. அதே டிசம்பரில் இதைச் சரிசெய்ய 117-ஆவது திருத்த மசோதா மாநிலங்களவையில் 206-க்கு 10 என்று நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறவே இல்லை.

கர்நாடகம் வேறு வழியில் போனது. 2017-இல் பவித்ரா வழக்கில் அதன் 2002 சட்டம் தரவு இல்லை என்று அடிபட்டது. மாநில அரசு மூத்த அதிகாரி ரத்னபிரபா தலைமையில் ஒரு குழு போட்டு, துறை துறையாக எண்ணிப் பார்த்து, 2018-இல் புதுச் சட்டம் போட்டது. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சந்திரசூட் எழுதிய அந்தத் தீர்ப்பு "தகுதி" என்ற சொல்லையே திருப்பிக் கேட்டது: பலதரப்பட்ட சமூகத்தை ஆளுகிற நிர்வாகத்தில் அந்தச் சமூகம் இருப்பதும் திறனின் ஒரு பகுதி இல்லையா?

இதற்கு நடுவில் 2018-இல் ஜர்னைல் சிங் வழக்கு. பட்டியல் வகுப்பினர் பின்தங்கியவர்கள் என்பதற்குத் தனியாகத் தரவு தேவையில்லை, ஆனால் வசதி படைத்த மேலடுக்கை விலக்குவது அவர்களுக்கும் பொருந்தும் என்றது. 2022 ஜனவரியில் அதே வழக்கின் தொடர்ச்சியில், பிரதிநிதித்துவத் தரவைப் பணித்தொகுதி வாரியாக எடுக்கணும், மொத்தமாக எடுத்தால் போதாது என்றது. எது "போதும்" என்கிற அளவுகோலை நாங்கள் சொல்ல மாட்டோம், அரசுதான் முடிவு செய்யணும் என்றும் சொல்லிவிட்டது.

இப்போது நம்ம வீட்டுக்கதை

தமிழ்நாட்டில் 69 சதவீதம் எல்லாருக்கும் தெரியும். பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, அதில் அருந்ததியருக்கு 3, பழங்குடியினர் 1. மீதி 31 பொதுப்பிரிவு, அதில் எந்தச் சாதியினரும் மார்க் எடுத்து வரலாம். இதையெல்லாம் 200 புள்ளிகள் கொண்ட சுழற்சியாக அடுக்கியிருப்பார்கள். 1927-இன் பன்னிரண்டு இடச் சக்கரம் ஞாபகம் இருக்கா? அதுதான்.

இந்த 69 சதவீதம் வேலையில் சேருவதற்கானது, பதவி உயர்வுக்கு இல்லை. ஆனால் பல வருடமாக ஒரு விதி இருந்தது. சேரும்போது சுழற்சியில் எந்தப் புள்ளியில் வந்தீர்களோ, அதுவே உங்கள் மூப்பு இடம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. நூற்றில் 31 தான் பொதுப்பிரிவுப் புள்ளி. மார்க்கில் பத்தாவது வந்து பொதுப்பிரிவில் தேர்வானவர், மூப்புப் பட்டியலில் ஏறத்தாழ முப்பதாவது இடத்துக்குப் போய்விடுவார். அவரை விடக் குறைந்த மார்க் எடுத்து, முதல் சில புள்ளிகளில் வந்தவர் மேலே இருப்பார். இது வெறும் "முன்னேறிய சாதி எதிர் மற்றவர்கள்" கணக்கும் இல்லை. பொதுப்பிரிவில் வருபவர்களில் பிற்படுத்தப்பட்டோரும் மிகப் பிற்படுத்தப்பட்டோரும் இருக்கிறார்கள். எங்கள் சித்தப்பாவே மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. நிறைய மார்க் எடுத்துப் பொதுப்பிரிவுக்குப் போனதால், அவர் வகுப்பிலேயே குறைந்த மார்க் எடுத்து ஒதுக்கீட்டில் வந்தவர்கள் சிலருக்குப் பின்னால் நின்றார்.

2003-இல் ஹரியானாவிலிருந்து வந்த பிம்லேஷ் தன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சுழற்சிப் புள்ளி வேலை கொடுக்கத்தான், மூப்பு நிர்ணயிக்க இல்லை என்று சொல்லியிருந்தது. 2015 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அதே அடிப்படையில் தமிழ்நாட்டு விதியை ரத்து செய்தது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. அதே வருடம் தமிழ்நாடு அரசு ஊழியர்கள் பணி நிபந்தனைகள் சட்டம் வந்தது, சுழற்சி மூப்பைக் காப்பாற்ற. 2019 நவம்பரில் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளையும் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தேர்வாணையம் கொடுத்த மார்க் வரிசைதான் மூப்பு என்றானது.

மறுபக்கத்தையும் சொல்லணும். தமிழ்நாட்டில் பதவி உயர்வில் தனி ஒதுக்கீடு இல்லாததால், வாசலில் கிடைத்த பிரதிநிதித்துவத்தை மாடி வரைக்கும் கொண்டுபோன ஒரே படிக்கட்டு இந்தச் சுழற்சி மூப்புதான். அதை எடுத்துவிட்டால், ஒதுக்கீட்டில் வந்தவர்களில் பலர் பட்டியலின் அடிப்பகுதிக்குப் போவார்கள். முப்பது வயதில் சேர்ந்தவருக்கு அங்கிருந்து ஏறுவதற்குள் ஓய்வு வயது வந்துவிடும். நீதிமன்றத்தின் பதில்: பதவி உயர்வில் ஒதுக்க வேண்டுமென்றால் 16(4ஏ) இருக்கிறது, நேர் வழியில், தரவோடு வாங்க. ஆனால் அந்த வழி பட்டியல் வகுப்பினருக்கு மட்டும்தான், பிற்படுத்தப்பட்டோருக்குக் கதவே இல்லை.

கடைசியாக

ஆராய்ச்சி எல்லாம் முடித்துவிட்டுச் சித்தப்பாவிடம் பேசினேன். சேர்ந்த தேதி, தேர்வு மார்க், சுழற்சிப் புள்ளி, முந்தின படியின் வரிசை. இதில் எதுவுமே வானத்திலிருந்து விழுந்த உண்மை இல்லை, ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அநியாயத்தைத் தடுக்க யாரோ போட்ட விதி, ஒவ்வொன்றும் இன்னொருவருக்கு அநியாயமாகிறது என்று சொன்னேன். எனக்கு இந்த இரண்டு பேரில் யார் தோற்கணும் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. விதியை இருபது வருடம் நடைமுறையில் வைத்துவிட்டு, அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட்டவரைப் பின்தேதியிட்டுக் கீழே இறக்குவதும், அதே இருபது வருடம் இன்னொருவரைத் தவறான விதியில் நிறுத்தி வைத்திருந்ததும், இரண்டுமே அரசு செய்த தவறு. விலை கொடுத்தது ஊழியர்கள். மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காரணமாகப் பார்த்தார்கள்.

சித்தப்பா கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார். அப்புறம் கேட்டார்: "இதை அவன்கிட்ட சொன்னியா?"

இன்னும் சொல்லவில்லை. இந்த எபிசோடை மாமாவுக்கு அனுப்பப்போறேன்.

உங்கள் வீட்டிலோ ஆபீஸிலோ முதுநிலைப் பட்டியல் கதை இருந்தால் எழுதி அனுப்புங்க. பெயரும் துறையும் வேண்டாம், கதை மட்டும் போதும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.